குளித்துவிட்டு வந்த டெலிவரி

1. பெரட்டு இல்லாத வேலை

உணவு டெலிவரிக்குப் போன முதல் நாள் காலை ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆனது, ஏழு ஆனது, யாரும் கூப்பிடவில்லை. பத்தே முக்காலுக்குத்தான் முதல் ஆர்டர் விழுந்தது. அதற்குள் சட்டை கசங்கிவிட்டது.

என்ன செய்வது, பழக்கம் அப்படி. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். தொழிற்சாலை வியட்நாமுக்குக் குடிபோனபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. எட்டு இடத்தில் வேலை கேட்டேன். ஏழு இடத்தில் வயதைக் கேட்டார்கள். எட்டாவது இடத்தில் தலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். டெலிவரிச் செயலி மட்டும்தான் வயதைக் கேட்ட பிறகும் வா என்றது.

பயிற்சி வீடியோவில் ஒரு பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உங்கள் நேரம், உங்கள் விருப்பம், நீங்களே முதலாளி என்றான். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குக் களத்தில் நின்று, கங்காணி பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது. பெரட்டு இல்லாத ஒரு வேலை என் காலத்திலாவது வந்ததே என்று மகிழ்ந்துபோனேன்.

இரண்டு வாரத்தில் விஷயம் விளங்கியது. ஆர்டரை மறுக்கலாம், அது உங்கள் விருப்பம். மறுத்தால் மதிப்பெண் குறையும். தாமதமாகப் போனால் குறையும். குறைந்தவனுக்கு நல்ல நேரங்கள் கிடைக்காது, ஆள் நடமாட்டம் இல்லாத மூன்று மணி வெயில்தான் கிடைக்கும். கங்காணி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பேர் கூப்பிடுவார். இது நாள் முழுக்கக் கூப்பிடும்.

2. ஒரே பையில் இரண்டு வீடு

எட்டு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செமோரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரட்டை ஆர்டர் விழுந்தது. முதல் வீட்டுக்குப் பன்னிரண்டு தோசை, ஆறு பாக்கெட் கோப்பி. இரண்டாவது வீட்டுக்கு முப்பது உளுந்து வடை, ஒரு டப்பா கேசரி. இரண்டாவது ஆர்டரில் புவனா என்ற பேருக்குக் கீழே, 'வளைகாப்பு வீடு, சீக்கிரம் வரவும்' என்று குறிப்பு இருந்தது. இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கிளம்பினேன்.

முதல் வீடு பழைய எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி இருந்தது. சந்தில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. கோலாலம்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் யாரோ ஆர்டர் போட்டிருக்கிறார்.

மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, தோசைப் பொட்டலங்களோடு உள்ளே போனால் மாலை போட்ட படத்தில் பெருமாள் இருந்தான். எங்கள் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டியவன். பதினைந்து வருடம் என் தகரப் பெட்டியிலிருந்து கருவாட்டைத் திருடித் தின்றவன். அவன் இந்தத் தாமானுக்குக் குடிவந்ததே எனக்குத் தெரியாது. பழைய சகாக்களின் வாட்சாப் குழு தொழிற்சாலையோடு சேர்ந்தே மூடிப்போனதால் செய்தி எனக்கு வரவில்லை. அவன் மனைவி என்னைப் பார்த்ததும், கேள்விப்பட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, வந்துட்டீங்களா. ஒங்களப் பத்திதான் பேசிக்கிட்டே இருந்தாரு."

தோசை கொண்டுவந்தவன் என்று சொல்ல மனம் வரவில்லை. பொட்டலங்களை மேசையில் வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளே போய்ப் பெருமாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அழுதேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, அதனால் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, செயலியில் 'கொடுத்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடி ஆர்டர் போட்டவருக்குச் செயலி தானாக ஒரு செய்தி அனுப்பியது. 'உங்கள் உணவு வந்துவிட்டது. கொண்டாட்டம் தொடங்கட்டும்.' கூடவே ஒரு கேக் படம் குதித்தது. கூடாரத்துக்குள் ஒரு கைப்பேசி டிங் என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது வளைகாப்பு வீடு. பிணம் கிடக்கிற வீட்டிலிருந்து நேராக, ஏழு மாதக் கர்ப்பிணியை மனையில் உட்கார வைத்திருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். டெலிவரிக்காரனாக நான் எட்டு மாதம்தான் இருந்திருக்கிறேன், தமிழனாக ஐம்பத்து நான்கு வருடம். மோட்டாரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

3. ஏஞ்சலாவின் பட்டியல்

வீட்டு வாசலிலேயே என் மனைவி சரசு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பின்பக்கமாக வரச் சொன்னாள். கைப்பேசி மோட்டாரிலேயே இருந்தது. நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது அது அடித்தது.

வாடிக்கையாளர் நம் மோட்டார் போகிற பாதையைத் திரையில் பார்க்கலாம். புவனா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மோட்டார் ஒரு வீட்டில் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறது. பிறகு எதிர்த்திசையில் போய் இன்னொரு வீட்டில் படுத்துவிட்டது. வடை எங்கே என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். சரசு எடுத்தாள். சரசுவுக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் எனக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

"அவரு குளிக்கிறாரும்மா. தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்காரு. இப்ப வந்துருவாருலா."

புவனா உடனே வைத்துவிட்டாராம். இருபத்தைந்து நிமிடத் தாமதத்தில், ஈரத் தலையோடு நான் போய் நின்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். மோட்டாரைத் திருப்புவதற்குள் என் கணக்கு முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. புகார் இதுதான்: ரைடர் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் குளித்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உதவிப் பக்கத்தில் ஏஞ்சலா என்ற இயந்திரம் இருந்தது. உங்கள் குளியல் அனுபவம் குறித்து வருந்துகிறோம் என்று அது ஆரம்பித்தது. தாமதத்துக்கான காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னது. விபத்து, பஞ்சர், மழை, வெள்ளம், கடையில் தாமதம். சாலையில் விலங்கு என்றுகூட ஒன்று இருந்தது. தீட்டு இல்லை. 'மற்றவை'யை அழுத்தி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டது. பத்திரிகையில் வந்த பெருமாளின் மரண அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினேன். படத்தில் உள்ள முகம் கணக்கில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை என்று பதில் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதிதான்.

மூன்றாம் நாள் கடைசி முடிவு வந்தது. ஏழு நாளுக்குள் வாடிக்கையாளர் புகாரை வாபஸ் வாங்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். எனக்குப் பயம் வந்துவிட்டது. வேலை கேட்க ஒன்பதாவது இடம் என்று ஒன்று என்னிடம் இல்லை.

4. புவனாவின் கேள்வி

வாடிக்கையாளர் வீட்டுக்குச் சொந்த விஷயமாகப் போகக்கூடாது என்பது விதி. ஐந்தாம் நாள் போனேன். புவனா தமிழ்ப் பள்ளி ஆசிரியை. கம்பிக் கதவைத் திறக்காமலே நின்று கேட்டார். நான் பெருமாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இளகியது. கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தார். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், என் மகளுக்காக யோசித்தீர்களே என்று கண் கலங்கினார். கோப்பி கலக்க எழுந்து போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார்.

"அண்ணே, நீங்க குளிச்சிட்டீங்க, சரி. வடை?"

"பையில இருந்துச்சும்மா."

"பை?"

"மோட்டார்ல."

"மோட்டார் எங்க நின்னுச்சு?"

"வாசல்ல."

"எந்த வாசல்ல?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஸ்டோரில் ஒரு திருகாணி இடம் மாறினாலும் கண்டுபிடித்தவன் நான், வடையை யோசிக்கவே இல்லை. இந்த விவகாரத்தில் நான் ஒப்புக்கொள்கிற ஒரே தப்பு அதுதான். அதைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை.

என் பிழைப்பு முடிந்தது என்று எழுந்தேன். புவனா உட்காரச் சொன்னார். அவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா நாலு வடை சாப்பிட்டாங்க. நல்லாருக்குன்னு கேட்டு வேற வாங்கினாங்க. இது அவங்களுக்குத் தெரிஞ்சா எம்மக கதி என்னாகும்? நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க சாவு வீட்டுக்கும் போகல, குளிக்கவும் இல்ல. ஒங்க மோட்டார் பஞ்சர். சரியாண்ணே?"

சரி என்றேன். கோப்பி வரவில்லை.

5. ஆதாரம்

புவனா அன்றைக்கே எழுதிவிட்டார். ஏஞ்சலா மகிழ்ச்சி தெரிவித்து, பஞ்சரின் படத்தை மட்டும் அனுப்பச் சொன்னது. என் மோட்டாரோ இரண்டு மாதத்துக்கு முன் மாற்றிய டயரோடு முற்றத்தில் திடமாக நின்றது. சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் குந்தினேன். சரசு கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். முதல் அடி வழுக்கியது. நாலாவது அடியில் ஆணி இறங்கி, காற்று சீறியது.

"உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்குது," என்றாள் சரசு. "ஆணி அடிச்சாத்தான் நம்புது."

இரண்டு நிமிடத்தில் கணக்கு உயிர்பெற்றது. உங்கள் நேர்மையான ஒத்துழைப்புக்கு நன்றி என்று செய்தி வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய தொழிற்சாலையில் லீவு கேட்டால் எங்கள் சூப்பர்வைசர் கத்துவார். கத்தி முடித்துவிட்டு, யார் இறந்தது என்று கேட்பார். சொன்னால் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இங்கே யாரும் கத்துவதில்லை. யார் இறந்தது என்று கேட்பதற்கும் ஆளில்லை. அந்தக் கத்தலுக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆகவே நீங்களும் ஒரு பஞ்சர் டயரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை நான் தூக்கிப் போடவில்லை, ஆணியோடு வீட்டுப் பின்பக்கம் மாட்டி வைத்திருக்கிறேன். தெரிந்தவர் யாராவது தவறிவிட்டதாகச் செய்தி வந்தால், அதன் படத்தைச் செயலிக்கு அனுப்பிவிடுவேன். கையில் இருக்கும் ஆர்டரை வேறு ரைடருக்கு மாற்றிவிடுவார்கள். போய் முகம் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வீடு வந்து குளித்து, பையையும் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவேன்.

இந்த வருடத்தில் மட்டும் என் டயர் நான்கு தடவை பஞ்சராகியிருக்கிறது. நான்கு பேரும் நல்ல மனிதர்கள்.