ஐந்தாவது துவக்கு

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு வாதாடத் தெம்பு இல்லை. சுரங்க ரயில்கள் திருத்தும் இடத்தில் பல வருடம் வேலை செய்தவன் நான். எதற்கும் நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து வைப்பது பழக்கம். கீழே உள்ள நேரங்கள் அந்தக் கொப்பியில் இருந்து எடுத்தவை. ஒன்றையும் மாற்றவில்லை.

2006 நவம்பர். ஒஸ்லோவில் ஸ்டோவ்னர், ஐந்தாம் மாடி. நானும் மகள் தர்மினியும் மட்டும். மனைவி விமலாதேவி அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. தர்மினிக்குப் பதினைந்து வயது. தாய் போன பிறகு அவள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. நானும் அப்படித்தான். வேலை, சோறு, நித்திரை. நாட்கள் போயின.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. இராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்களை வாங்கிச் சேர்ப்பது. ஊரில் நடந்த சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. வேலை முடிந்து ஓய்ந்துபோன துவக்குகளைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது என்பேன். பொலிஸ் அனுமதி இருந்தது. சாமான் அறையில் பூட்டுள்ள இரும்பு அலுமாரி இருந்தது. வீட்டில் ஒரு தோட்டாகூட வைத்திருக்கவில்லை. விமலா மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

மொத்தம் ஐந்து ரைபிள். ஐந்தாவதை ஹாமாருக்குப் பக்கத்தில், இறந்துபோன ஒரு கிழவரின் சாமான்களை விற்றபோது வாங்கினேன். பழைய மவுசர் ரைபிள். கிரீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி இருந்தது. வாங்கியதும் பிரித்து, துடைத்து, உள்ளே பார்க்க வேண்டும். சேகரிப்பவனுக்கு முதல் விதி அதுதான். நான் பார்க்கவில்லை. அந்தக் கிழமைதான் விமலா குளியலறையில் விழுந்தாள். தாளோடு தூக்கி அலுமாரியில் வைத்தேன். பத்து மாதம் அப்படியே நின்றது.

நவம்பர் 21, செவ்வாய். காலை வேலை முடிந்து வந்து சோபாவில் சரிந்திருந்தேன். வெளியே நல்ல இருட்டு. நேரம் 16:40.

டக்… சரக்.

சாமான் அறையில் இருந்து வந்தது. நான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே அளவு நேரம்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ரைபிளின் கைப்பிடியைத் தூக்கி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுக்கும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். அலுமாரி பூட்டியிருந்தது. திறந்தேன். நான்கு ரைபிள்களின் போல்ட்டும் பின்னால் இழுபட்டிருந்தன. நான் எப்போதும் மூடித்தான் வைப்பேன். இன்னொன்றும் இருந்தது. அப்படித் திறந்து கிடந்தால் கைப்பிடிகள் இடிக்கும். அந்த ஒடுங்கிய அலுமாரியின் கதவு சாத்தாது.

சாத்திப் பார்த்தேன். சாத்தவில்லை.

பூட்டியிருந்தது எப்படி என்று யோசிக்க மனம் ஓடவில்லை. பேய் என்றும் நான் நினைக்கவில்லை. மகள் என்றுதான் நினைத்தேன். பேசாத பிள்ளை, தாயில்லாத பிள்ளை, துவக்குகளை எடுத்துப் பார்க்கிறாள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இல்லை. அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"சாமான் அறைக்குள்ளை போனனியோ?"

"எனக்கென்ன விசரே? நீங்கள்தான் பின்னேரத்திலை அதுகளை நோண்டுறியள். நேற்றும் கேட்டது. எனக்குப் பயமா இருக்கப்பா."

"நேற்று எத்தினை மணிக்கு?"

"அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னம்."

"நேற்று எனக்கு ஓவர்டைம் பிள்ளை. எட்டு மணிக்குத்தான் வந்தனான்."

அவள் அறை வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அலுமாரிப் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்று என்னிடம். மற்றது விமலாவின் கைப்பையில், தர்மினியின் அறையில் இருந்தது. போல்ட்டுகளை மூடி, அலுமாரியைப் பூட்டி, இரண்டையும் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

22, புதன். 16:40. இருவரும் சாமான் அறைக்கு முன்னால் நடையில் நின்றோம். நான்கு தடவை அதே சத்தம். பிறகு தாள் பிரிபடும் சத்தம். மெதுவாக… கவனமாக…

திறந்தேன். ஐந்தாவதைச் சுற்றியிருந்த மெழுகுத்தாள் நான்காக மடித்துக் கீழே வைக்கப்பட்டிருந்தது. அதன் போல்ட் மட்டும் மூடியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். பழைய கிரீஸ் இறுகி, அசையவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று மற்ற நான்கையும் மூடிப் பூட்டிவிட்டேன்.

23, வியாழன். 16:40.

ஒன்று.

இரண்டு.

மூன்று. நான்கு.

பிறகு ஒன்றும் இல்லை.

சாமான் அறைக்குள் மூச்சு கேட்டது. பெண்ணின் மூச்சு. பாரமானதை இழுப்பவரின் மூச்சு.

தர்மினி என் கையைப் பிடித்தாள்.

டக்.

சரக்…

டிங்.

ஏதோ உருண்டது… நின்றது.

பூட்டைத் திறந்தேன். ஐந்தாவது ரைபிளின் போல்ட் முழுவதுமாகப் பின்னால் வந்திருந்தது. அலுமாரியின் அடியில் ஒரு தோட்டா கிடந்தது. பச்சை பூத்த பித்தளை. சுடாத தோட்டா.

தர்மினி அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

"அப்பா… ஞாயிற்றுக்கிழமை நான் அதை எடுத்தனான். அம்மான்ரை திறப்பாலை."

"ஏன் பிள்ளை?"

"சும்மா. தாளை விலத்திப்போட்டு தோளிலை வைச்சுப் பாத்தனான். விசையையும் இழுத்தனான்."

நான் குனிந்து தோட்டாவைக் கையில் எடுத்தேன்.

"இழுபடேல்லை. இறுகிக் கிடந்தது. பிறகு இன்னொருக்கா வந்து பாப்பம் எண்டு சுத்தி வைச்சிட்டன்."

"எங்கை பாத்துப் பிடிச்சனி?"

சுவரைக் காட்டினாள். அந்தச் சுவருக்கு அப்பால் என் சோபா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பகல் முழுக்க அதில்தான் கிடப்பேன்.

அன்றைக்கே பொலிஸுக்குப் போன் அடித்தேன். ஐந்தையும் கொண்டுபோனார்கள். திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து பொலிஸ்காரர் ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். தோட்டா பழுதாகவில்லை, வெடித்திருக்கும் என்று. யார் வெளியே எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு சத்தம் வரவில்லை.

ஜனவரியில் விமலாவின் ஆண்டுத் திவசம். பக்கத்து வெஸ்ட்லியில் இருந்து சிறிதேவி வந்திருந்தாள். விமலாவை ஊரிலேயே தெரிந்தவள். தர்மினி குசினிக்குள் பாத்திரம் கழுவியபடி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. சிறிதேவி ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, விமலாக்கா ஊரிலை இயக்கத்திலை துவக்குத் தூக்கினவ. உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"இல்லை."

"பொழுதுபட முன்னம் எல்லாரின்ரை துவக்கையும் திறந்து பாக்கிறது அவவின்ரை பொறுப்பு. உள்ளுக்குத் தோட்டா இருக்கோ எண்டு. ஒருநாள் ஒண்டு இறுகிக் கிடந்தது. களைப்பிலை, விடியப் பாப்பம் எண்டு விட்டிட்டா."

சிறிதேவி கைகளைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்டைக்கு இரவு அது வெடிச்சுப்போச்சு. செத்தது அவவின்ரை தங்கச்சி."

பதினாறு வருடம் நாங்கள் ஒன்றாக வாழ்ந்தோம். தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்றுதான் விமலா என்னிடம் சொல்லியிருந்தாள்.