சோடியக் கத்தியில் ஒரு பொட்டு

எங்கள் ஆய்வகத்தில் சோடியம் வெட்டும் சிறு கத்தியின் மரப்பிடியில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருக்கிறது. சுரண்டினால் போய்விடும். நான் சுரண்டுவதில்லை.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்த வருடம், ஆய்வக உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தற்காலிக வேலைதான், ஏதாவது தவறு நடந்தால் மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத்தை அவர் கோபக்கார மாப்பிள்ளை என்பார். "தண்ணி பட்டா குதிக்கிறாரு, காத்து பட்டா மூஞ்சி கறுத்துக்கிறாரு. எண்ணெயிலயே உக்கார வச்சிடணும் டீச்சர்." நான் நாற்பது நிமிடம் நடத்திய பாடத்தை மூன்று வரியில் முடித்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஆயுத பூஜைக்கு விடுமுறை என்பதால் முந்தைய நாளே பள்ளியில் பூஜை நடக்கும். தராசு, பர்னர், புட்டிகள், கத்தி என்று எதையும் விடாமல் அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் தலைமை ஆசிரியர் பொரித் தட்டோடு பிள்ளைகளிடம் வந்தார். எனக்கு ஆர்வக் கோளாறு. சோடியத்தை வெட்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அந்த மினுமினுப்பைக் காட்டியே தீருவேன் என்று கத்தியை எடுத்து வெட்டினேன். அலகிலிருந்த ஈரச் சந்தனத்தை நான் பார்க்கவே இல்லை. சுர்ரென்றது. படீரென்று ஒரு துணுக்கு எரிந்துகொண்டே பறந்தது. தலைமை ஆசிரியர் துள்ளிய துள்ளலில் பொரி முழுக்கத் தரையில்.

"கத்தியில ஈரத்த வச்சது யாரு?" என்றார் அவர். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வாய் திறக்க ஒரு கணம் பிடித்தது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"என் தப்புதான் சார். துடைச்சுப் பாக்காம எடுத்துட்டேன்" என்றேன்.

அக்காவுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. "அதுக்கில்லைங்க சார், பூஜையில வச்ச கத்திய இன்னிக்கு எடுக்கலாமாங்க? எங்க வூட்ல அருவாமணையக்கூட தொடமாட்டோம்."

தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "அதானே! இதுகூடவா தெரியாதும்மா உங்களுக்கு?"

விசாரணை அத்தோடு முடிந்தது. மூவரும் குனிந்து பொரி பொறுக்கினோம்.

அக்கா இப்போது வேலை நிரந்தரமாகி, திருவண்ணாமலையிலேயே வேறொரு பள்ளிக்குப் போய்விட்டார். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பூஜையன்று காலையில் போன் வந்துவிடும். "டீச்சர், பொட்டு பிடியில மட்டும் வைங்க." இந்த வருடமும் வைத்தேன். சோடியம் வெட்டிக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள்.

"இன்னிக்கு அதுக்கும் லீவு" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கை பொரி கொடுத்தேன்.