அண்ணன் சொன்ன செட்டில்

எங்கள் தமிழுக்குள் ஓர் ஆங்கிலச் சொல் வந்து, வாடகைகூடத் தராமல் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. செட்டில். நான் வேலை பார்க்கும் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசர் "செட்டில் ஆ?" என்பார். வேலை முடிந்ததா என்று கேட்கிறார். சாப்பாட்டுக் கடையில் தோழி "நான் செட்டில் பண்ணிட்டேன்" என்றால் காசு கட்டிவிட்டாள். புருஷன் பெண்டாட்டி சண்டை ஓய்ந்தால் செட்டில். மகளுக்குக் கல்யாணமானாலும் செட்டில். நெடுநாள் படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவர் மகன் போனில் சொன்னதும் அதே சொல்தான். முடிந்தது, தீர்ந்தது, கட்டியாயிற்று, சமாதானமாயிற்று என்று நம்மிடம் இத்தனை இருக்க, இந்த ஒன்றே போதும் என்று எப்படி ஆனதோ எனக்குப் புரிந்ததில்லை. புரியாமலே நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் விஷயத்தில் அது என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுவா ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியே வயதாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மாதக் கடைசிக்குள், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டுச் சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஆபீசில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நான் என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து, கட்டில் வாங்கிப் போட்டேன். தினமும் போன் செய்தேன்.

"என்னாண்ணே, எல்லாம் செட்டில் ஆ?"

"செட்டில் லா."

"அப்ப எப்ப வர்றீங்க?"

"அது இன்னும் செட்டில் ஆகலம்மா."

ஆயிற்று என்கிறார், ஆகவில்லை என்கிறார். எது ஆகவில்லை? சாமான் கட்டவில்லையா, ஆபீசில் கையெழுத்துப் பாக்கியா? கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சிருச்சு" என்பார். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அவருக்கு இங்க வர இஷ்டமில்லையோ என்னமோ" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சாவி கொடுக்க மூன்றே நாள் இருந்தபோது லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். வீடு துடைத்துவிட்டது போலிருந்தது. இரண்டு பெட்டியும் ஒரு பாயும் கட்டி வாசலில் தயாராக நின்றன.

"பின்ன என்னாதான் செட்டில் ஆகல?"

"முனியாண்டி உத்தரவு குடுக்கல," என்றார்.

லயத்துக் கோடியில் முனியாண்டி கோயில் இருக்கிறது. கல்யாணம் பேசுவதோ வீடு மாறுவதோ, எதற்கும் அங்கே பூப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ, இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. மடிப்பது ஒருவர், எடுப்பது இன்னொருவர் என்பதுதான் முறை. அண்ணனோ தானே மடித்துத் தானே எடுத்திருக்கிறார். நான்கு வெள்ளிக்கிழமையும் சிவப்பு.

"இப்ப போடுங்க. நான் எடுக்கிறேன்," என்று கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் தயங்கினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று மடித்துப் போட்டார். நான் கண்ணை மூடி எடுத்தேன். செம்பருத்தி. வந்த கோபத்தில், சாமி காரியம் என்றும் பார்க்காமல் மற்றதையும் பிரித்துவிட்டேன்.

அதிலும் செம்பருத்தி.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்த்துப்போன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவீங்க. நான் சும்மா ஒக்காந்து சாப்புடணும். எனக்குப் பயமா இருக்கும்மா."

திட்டுவதற்கென்றே வந்தவள் நான். அழுகைதான் வந்தது. இந்த ஒரு சொல்லை வெளியே விட இந்த மனிதருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

"நீங்க வராமயே போயிருவீங்களோன்னு எனக்கும் பயம்தாண்ணே," என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடி நின்றது. போய் இரண்டு பூப் பறித்து, இரண்டு இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டேன்.

"எடுங்க."

அண்ணன் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து எடுத்து, பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"செட்டில்," என்றார்.