மாலிக்கு அனுப்பிய 'கைண்ட்லி'

போன வாரம் ஒரு போட்டோவுக்காக மூன்று நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நசீர் என் தோஸ்த். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து டேபிள். அவன் இறந்து நாற்பதாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கேட்டார்: "அண்ணா, இருக்கிற போட்டோ எல்லாம் ஆதார் கார்டு மாதிரி உம்முனு இருக்கு. அவரு சிரிக்கிற மாதிரி ஒண்ணு உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லை. மாலியிடம் இருக்கும். தாய்லாந்திலிருந்து வந்து, ஒரு வருஷம் எங்கள் ஃபேக்டரியில் தையல் சொல்லித்தந்தவர். எந்நேரமும் கேமராவும் கையுமாகத்தான் இருப்பார்.

இங்கிலீஷில் எழுதி, ஆப்பில் தாய்லாந்து மொழிக்கு மாற்றி அனுப்பினேன். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை — 'டியர் மேடம், கைண்ட்லி சென்ட் தி போட்டோ அட் தி எர்லியஸ்ட்.' வருஷக்கணக்கில் எக்ஸ்போர்ட் லெட்டர் அடித்த கை வேறென்ன எழுதும்?

ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. ஒரு நாள்... இரண்டு நாள்... அவ்வளவுதானா நட்பு? எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாம் நாள் ஷேவ் செய்யும்போதுதான் உறைத்தது. நசீர் மாலியிடம் எப்படிக் கேட்பான்? முதலில் சாப்பிட்டாச்சா என்பான். அப்புறம் தலையைச் சாய்த்து, "சுவய் ஹா நொய் க்ரப்" என்று அவர் மொழியிலேயே இழுப்பான். கொஞ்சம் தேடிக் குடுங்களேன் என்று அர்த்தம். மாலி சிரித்துக்கொண்டே எழுந்து போவார். நான் 'ப்ளீஸ், சாம்பிள்' என்றால் ரேக்கைக் காட்டுவார், அவ்வளவுதான்.

"இன்னாடா, எப்பப் பாரு அவங்களுக்கு ஆர்டர் போடற?" என்று நசீர் என்னைத்தான் திட்டுவான்.

நியாயம்தானே? பக்கத்து வீட்டில் போய் 'தயவுசெய்து சர்க்கரை தரவும்' என்றா கேட்கிறோம்?

அவரிடம் அப்போது கற்று, இப்போது துருப்பிடித்துப்போன தாய்லாந்து மொழியில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். சாப்பிட்டாச்சா மாலி? நசீர் போய்விட்டான். சிரிக்கிற மாதிரி அவன் போட்டோ... கொஞ்சம் தேடிப் பாருங்களேன்.

பத்தே நிமிஷம். அழுகையோடு மாலியின் குரல்: "முன்னாடி வந்த மெசேஜும் நீங்க அனுப்பினதுதானா? உங்க நம்பரை யாரோ திருடிட்டாங்கன்னு பயந்துட்டேன்."

கூடவே போட்டோ. ஒற்றை ஷூவைக் காதில் வைத்து போன் பேசுகிறான் நசீர். வாயெல்லாம் சிரிப்பு. போனை வாங்கிய அவன் மனைவி ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

அன்றைக்கே மாலிக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன். விரல் தானாக 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' என்று அடித்தது.

சட்டென்று அழித்தேன் — மேலே போட்டோவில் நசீர் பார்த்துக்கொண்டிருந்தான்.