செல்வி எதையும் அமுக்கவில்லை

"இன்னாத்த அமுக்கின நீ?"

போன வாரம் ஒரு காலை, எங்கள் ஊர் பால் குளிரூட்டும் நிலையத்துக்குள் நுழைந்ததும் என் காதில் விழுந்தது இதுதான். கேட்டவர் முதலாளி தேவராஜ். கேட்கப்பட்டவள் கம்ப்யூட்டரில் உட்காரும் செல்வி.

"நான் எதையும் அமுக்கலண்ணா..." என்றாள்.

கவனித்திருக்கிறீர்களா? மிக்ஸி கெட்டால் மிக்ஸியைத் திட்டுகிறோம். கம்ப்யூட்டர் கெட்டால் மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் திட்டுகிறோம்!

நான் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கிறவள். கம்பெனி சென்னையில், நாற்காலி உத்திரமேரூரில். தேவராஜ் அண்ணனுக்கு இந்த சர்வரை அமைத்துக் கொடுத்ததும் நான்தான். பெட்டி ஒன்று; அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் குடியிருக்கிற மாதிரி ஏற்பாடு. ஒன்று பால் பதிவுக்கு, ஒன்று கேமராவுக்கு, ஒன்று டேங்க்கின் குளிரைக் கவனிக்க. அந்தப் பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர். வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற மூன்றும் குடித்தனக்காரர்கள்.

சர்வர் அறையில் கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது என்று சட்டம் போட்டதும் நானே. அண்ணன் ஒப்புக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் பேட்டரியில் எரியும் குட்டி அகல்விளக்கை வைத்துவிட்டார். தினமும் காலையில் பூஜை நேரத்துக்கு மட்டும் அதைப் போடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கேன் பாலையும் டெஸ்ட் செய்து, கம்ப்யூட்டரில் பதிந்த பிறகுதான் டேங்க்கில் ஊற்ற முடியும். கொஞ்ச நாளாக அந்தத் திரை நகரவே மாட்டேன் என்கிறது. வரிசை ரோடு வரை நிற்கிறது. டேங்கர் வண்டி காத்திருக்குமா? கிளம்பிவிடுகிறது. தாமதமான பால் வந்த வழியே திரும்பிப் போகிறது.

"இன்னொரு தபா வண்டி தவறிச்சுன்னா வேற ஆள போட்ருவேன்மா. ஜனங்க என்னியதான கேக்குறாங்க? ஒரே பேஜாரா கீது" என்றார் அண்ணன், என்னிடம் — செல்விக்குக் கேட்கிற மாதிரி.

உட்கார்ந்தேன். பால் பதிவு கம்ப்யூட்டரின் பிழைப் பதிவில் சிவப்பாக ஒரு வரி: பிராசஸரின் மின்சாரத்தை நிர்வகிக்கும் டிரைவர் தொடங்கவில்லை. பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை; டிரைவர் அதை நடத்துகிற குட்டி மென்பொருள். மாட்டிக்கொண்டாயா என்று டிரைவரை நீக்கினேன், மறுபடி போட்டேன். புதுசு தேடிப் போட்டேன். அசையவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். மவுஸ் பாவம்.

அப்புறம்தான் உறைத்தது. குடித்தனக்காரர் மோட்டார் சுவிட்சைத் தொட முடியுமா? உள்ளே குடியிருக்கும் கம்ப்யூட்டரில் அந்த டிரைவர் ஓடாதது சகஜம். பிராசஸர் அதன் கைக்கு வருவதே இல்லை. பார்க்க வேண்டியது வீட்டுக்காரரை!

ஹோஸ்ட்டைப் பார்த்தால், அங்கேயும் அதே சிவப்பு வரி. அங்கே அது சகஜமில்லை. இந்த டிரைவர் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. வேலை வந்தால் வேகத்தைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். பெட்டியின் அடிப்படை செட்டிங்கில் அதற்கு அனுமதி இல்லாததால், பிராசஸர் ஒன்றாம் நம்பரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

செட்டிங்கை மாற்றினேன். திரை பறந்தது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. அண்ணன் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை செல்வியின் போன்.

"அக்கா, மறுக்கா அப்படியே நிக்குது. அண்ணன் மூஞ்சியே சரியில்ல. இன்னியோட என் வேல போச்சுக்கா."

சாப்பிட்ட இட்லி எல்லாம் கண்முன் வந்து போனது. வண்டியை எடுத்தேன்.

நேற்று மாற்றிய செட்டிங் பழையபடி கிடந்தது. தேதியும் ஏதோ பழைய வருஷம். யார் மாற்றினார்கள்?

"ராத்திரி இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஆபீஸ் மெயின ஆஃப் பண்ணிட்டு பூட்டிக்கினு போனோம். எப்பவும் பண்றதுதான" என்றார் அண்ணன்.

மின்சாரம் போனாலும் செட்டிங்கை மறக்காமலிருக்க, உள்ளே ஒரு பொட்டு பேட்டரி இருக்கும். பெட்டியைத் திறந்தேன். பேட்டரி உட்காரும் வட்டமான இடம்... காலி!

"இதுல இருந்த பேட்டரி எங்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சாமியைப் பார்த்தார்.

சாமிக்கு முன்னால் அகல்விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் தொறந்து தொடச்சேன்மா. வெளக்குல பேட்டரி தீந்துபோச்சு. பாத்தா இதுக்குள்ள ஒண்ணு சும்மா குந்திக்கினு கீது. பிளக்குல கரண்ட் வருது, இதுக்கு எதுக்கு பேட்டரின்னு எடுத்து..."

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பம்ப்செட்டைத் தானே பிரித்து மாட்டுகிற மனிதருக்கு அப்படித்தானே தோன்றும்? போதாததற்கு, நெருப்பு கூடாது என்ற என் சட்டத்தையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறார்!

"அதையே எடுத்துப் போட்ரும்மா" என்றார்.

விளக்கில் எரிந்து பாதி தீர்ந்திருக்கும், முடியாது என்றேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் வாட்ச் கடைக்கு அவரே ஓடினார். புது பேட்டரி போட்டு, செட்டிங்கைச் சரிசெய்து, மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை செட்டிங் மாறாமல் அப்படியே இருந்தது. கடைசி கேன் ஏறியதும் டேங்கர் ஹாரன் அடித்தது. எனக்கு அன்று அதைவிட இனிமையான சத்தம் வேறில்லை.

அண்ணன் செல்வியின் மேஜைக்குப் போனார். "மன்சுல வச்சிக்காதம்மா" என்றார். சுற்றி வளைக்காமல் அவ்வளவுதான். எத்தனை முதலாளிகளுக்கு அது வரும், சொல்லுங்கள்? அவள் தலையாட்டினாள். நிறைவாக இருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து சும்மா எட்டிப் பார்த்தேன். சர்வர் மேல் செல்வியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'உள்ளே இருக்கும் பேட்டரியை யாரும் எடுக்கக் கூடாது.'

அண்ணன் அதை உரக்கப் படித்தார். "யாருக்கும்மா இத எழுதி வச்சிகீற?"

செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சாமிக்குண்ணா."