கமிஷன் தோட்டத்துக்கு வரவில்லை

என் கணவர் இன்னொருத்தியை ராகலை டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்கள் கல்யாணம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில், லயத்து வரிசை வீட்டுக்காரர் எல்லாரும் கூடி நின்று பார்க்க நடந்தது. தாலி உண்டு, பதிவு இல்லை. மறுவாரமே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, லயத்தில் நான் இருந்த காம்பரா அறையைக் காலி செய்யச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சர்ட்டிபிகேட் இருக்கு. ஒன்கிட்ட என்னா இருக்கு?"

"கொழுந்துக் கூடை இருக்குங்க. நானும் இந்தத் தோட்டத்து ஆளுதான். காலி பண்ண மாட்டேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் காம்பராக் கதவைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

இலங்கையில் அது ஐம்பதுகளின் கடைசி. கண்டிச் சிங்களவருக்கு ஒரு கல்யாணச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்றிருந்ததை மாற்றி, எல்லாருக்கும் ஒரே சட்டம் கொண்டுவரலாமா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டிருந்தார்கள். கமிஷன் தோட்டத்துக்கே வரும் என்று எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். பிறகு அவரே கையை விரித்தார்.

"அரசாங்கம் காசு சல்லியக் கொறச்சிருச்சாம். நுவரெலியா கச்சேரி ஆபீசுல ஒரு நாள் மட்டும் ஒக்காருவாங்களாம். ஆம்பளைங்க நாலு பேரு போய்ப் பேசிட்டு வர்றோம்."

"தாலி கட்டிக்கிட்டவ நான், பேசுறது நீங்களா? நானும் வர்றேங்க."

குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன்.

கச்சேரி மண்டபத்தில் கிளாக்கர் எங்களை வாசலிலேயே மறித்தார். இங்கே ஆங்கிலமும் சிங்களமும்தான், தமிழுக்கு ஆள் வைக்கப் பணம் ஒதுக்கவில்லை என்றார். கடை வீதிச் சிங்களம் எனக்கு வரும். அதை வைத்து உருளைக்கிழங்கு வாங்கலாம், என் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. தலைவர், "வாம்மா, பொறவு பாப்போம்" என்று திரும்பினார். நான் கிளாக்கரைத் தாண்டிப் போய், சாட்சி சொல்பவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சல்லி இல்லேன்னா எங்களுக்கு வாயும் இல்லையா? கேக்காம எந்திரிக்க மாட்டேன்."

சற்றுமுன் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. கமிஷன்காரர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒரே சட்டம் வேணாம், எங்க சட்டத்துல கை வைக்காதீங்கன்னு சொல்ல வந்த ஆள் நான். ஆனா நீங்க சொல்றதக் கூட்டாம கொறைக்காம அப்படியே சொல்லுவேன். பேசுங்க."

பேசினேன். "பதிவு வேணாம்னு நான் சொல்லலீங்க. வேலை நாள்ல பதியப் போனா எங்களுக்கு அன்னிக்குக் கூலி கெடையாது. பதியிற ஐயாவ ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு அனுப்புங்க. அதுக்குச் சல்லி ஒதுக்குங்க. அதுவரைக்கும், ஊரறியத் தாலி கட்டுன எங்களப் பொஞ்சாதி இல்லேன்னு யாரும் சொல்லக் கூடாது."

கமிஷன் தலைவராக இருந்த பெரியவர் முதலாளி வழியாகவே பதில் சொன்னார். தீர்ப்புச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லை, கேட்டு எழுதிக்கொள்ள மட்டுமே முடியும் என்றார்.

"அப்ப எழுதுங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் டிரங்குப் பெட்டியும் புது மனைவியுமாக வந்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள்மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய்.

"ஒன் சட்டம்லாம் கச்சேரியோட சரி. நவுறு" என்றார் அவர்.

நான் நகரவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. அவர்களில் பாதிப்பேருக்குப் பதிவு கிடையாது. கடைசியில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினார்.

கமிஷன் அறிக்கை வந்ததாகச் சொன்னார்கள். அது தமிழில் என் கண்ணில் பட்டதில்லை. ஒரே சட்டமும் வரவில்லை. தோட்டத்தை நடத்திய துரையோ, தகராறு எதற்கு என்று காம்பராவை என் பேரிலேயே எழுதிவிட்டார். கணக்கப்பிள்ளை அதைச் சொல்ல வந்தபோது, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தேன்.