மொயிலாங்கி அடித்த மூன்றாவது மணி

எங்கள் தீவில், எங்கள் ஊர் ஆலயத்து மணி ஒரு பழைய காஸ் சிலிண்டர். வாசலில் நிற்கும் ஈரப்பலா மரத்தில் தொங்குகிறது. அதை இரும்புக் கம்பியால் அடித்துவந்தவள் மொயிலாங்கி. முதலில் அவள் புருஷன் அடித்தான். அவனைப் புதைத்த அன்று சாயங்காலம், யாரும் சொல்லாமலே அவள் போய்க் கம்பியைக் கையில் எடுத்தாள். ஊரும் அப்படியே விட்டுவிட்டது. கூலி என்று எதுவும் இல்லை. ஆலயத்தைப் பெருக்குவதும் அவள்தான், கூட நான்.

தினமும் சாயங்காலம் முதல் மணி கேட்டால் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது மணிக்கு வீட்டுக்கு வீடு ஜெபம் தொடங்கும். மூன்றாவது மணி கேட்கும்வரை சாலையில் ஒரு ஈ காக்கை அசையக் கூடாது. ஊர் இளவட்டங்கள் ஒரே நிற வேட்டி கட்டிச் சாலையோரம் காவல் நிற்பார்கள். நோயாளி வண்டி என்றால் முன்பெல்லாம் விடுவார்கள். ரக்பி ஆடப் போன பையன்கள் சிலர், ஒருவனைப் படுக்கவைத்து வயிற்றைப் பிடித்து முனகச் சொல்லி, ஏமாற்றித் தாண்டினார்கள். அது புதிதாக வந்த போதகர் காதுக்குப் போனது. இனி எந்த வண்டிக்கும் வழியில்லை, விட்டவன் வீடு ஒரு பன்றி அபராதம் தர வேண்டும் என்று அவர் மேடையில் நின்று சொன்னார். மூப்பர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் பிள்ளை பெறுகிற வயிறு இல்லை.

ஒரு நாள் இரண்டாவது மணி அடித்து ஓய்ந்ததும் இயாக்கோபோவின் வண்டி வந்தது. பின்னால் பாயில் அவன் மனைவி வாய்மிலி கிடந்தாள். பிரசவ வலி. பாய் நனைந்து சிவந்திருந்தது. இளவட்டங்களின் தலைவன் செமீசி குறுக்கே வந்து நின்றான்.

"மணி அடிச்சாச்சு அண்ணே. வண்டிய ஓரங்கட்டுங்க."

"கண்ணு தெரியலயாடா உனக்கு? ரத்தம் போகுது."

"போன தடவையும் ஒருத்தன் செத்துப்போறேன்னுதான் போனான். மறுநாள் மேட்ச் ஜெயிச்சுட்டு வந்து நிக்கிறான்."

மரத்தடியில் மூன்றாவது மணிக்காக உட்கார்ந்திருந்த மொயிலாங்கி எழுந்து போனாள். நான் ஆலயத்துப் படியில் துடைப்பத்தோடு நின்றேன்.

"செமீசி, இது நடிப்பு இல்லப்பா. விடு."

"எனக்குத் தெரியாதா அத்தை? விட்டா எங்க வீட்டுப் பன்றி போகும், எங்கப்பா என் தோல உரிப்பாரு. மணி உங்க கையில, ரோடு என் கையில. ஜெபம் முடியட்டும்."

அவள் மறுபடி கெஞ்சினாள். அவன் போதகர் வீட்டுப் பக்கம் பார்த்தானே தவிர, வண்டிக்குள் பார்க்கவில்லை. வாய்மிலி ஒரு முறை கத்தினாள். மொயிலாங்கி திரும்பி நடந்து, கம்பியை எடுத்து, மூன்றாவது மணியை அடித்தாள்.

பாதிப் பாட்டில் ஊர் நின்றது. பிள்ளைகள் தப்பித்தோம் என்று வெளியே ஓடிவந்தார்கள். பழக்க தோஷத்தில் காவல் பையன்களும் சாலையை விட்டு இறங்கினார்கள். வண்டி பறந்தது.

வாய்மிலி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று நர்ஸ் கேட்டாளாம். குழந்தையை அவர்கள் வீட்டு முற்றத்தில் புதைத்தார்கள். போதகர் வந்து நல்ல ஜெபம் பண்ணினார். தடுத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்திலேயே விசாரணை வைத்தார்கள். விசாரணை மொயிலாங்கிக்கு.

"பொய் மணி அடிச்சு ஊரையே ஜெபத்துலேருந்து எழுப்பியிருக்கீங்க," என்றார் போதகர். "சபை எதுக்கு இருக்கு, சொல்லுங்க? ஜனங்கள தேவனுக்கு முன்னால ஒழுங்கா நிறுத்தத்தான்."

அவருக்குப் பின்னால் சுவரில், போன வருஷம் பெண்கள் சங்கம் காசு போட்டு எழுதவைத்த நீல எழுத்து: பாரம் சுமப்பவருக்குத் துணை நிற்பதே இச்சபையின் பணி. வாரா வாரம் அதற்கு ஒட்டடை அடிப்பவர்கள் நாங்கள்.

"எதுக்கு இருக்குன்னு உங்க முதுகுக்குப் பின்னாலயே எழுதியிருக்கு ஐயா," என்றாள் மொயிலாங்கி. "திரும்பித்தான் பாருங்களேன்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். மூத்த மூப்பர் தீர்ப்புச் சொன்னார்: தலையில் பாய் போர்த்திப் போதகர் வீட்டு வாசலில் மன்னிப்புக்கு உட்கார வேண்டும். இல்லையென்றால் கம்பியும் இல்லை, ஆலயத்தில் இடமும் இல்லை. மகன் கொலை செய்தால் தகப்பன் அப்படி உட்காருவது எங்கள் வழக்கம். செத்தவன் வீட்டார் அவரை வெட்டவும் செய்யலாம், பாயை நீக்கி மன்னிக்கவும் செய்யலாம்.

"உக்காருறேன்," என்றாள்.

போதகர் முகம் தெளிந்தது.

மறுநாள் காலையில், கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த மெல்லிய பாயை எடுத்தாள். போதகர் வீட்டைத் தாண்டினாள், நிற்கவில்லை. இயாக்கோபோ வீட்டு முற்றத்தில், அந்தச் சின்ன மண்மேட்டுக்கு எதிரே, பாயைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்தாள். ஊர் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் ஒருத்தி கேட்டாள். வெயில் ஏறியது. மூப்பர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் காலும் முன்னே வரவில்லை.

செமீசி வந்தான். கம்பியை வாங்கிவரத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள்.

"அத்தை, கம்பி எங்க?"

"மரத்துல சாத்தி வச்சிருக்கேன். யாருக்கு வேணுமோ எடுத்துக்கச் சொல்லு."

அவன் போகவில்லை. மண்மேட்டைப் பார்த்தபடி நின்றான். பிறகு குனிந்து, பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி, உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பொழுது சாய்ந்தபோது வாய்மிலி சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். இயாக்கோபோ தாங்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டாள். பாயை இழுத்தாள். செமீசியைக் கண்டதும் அவள் கை நின்றுவிட்டது. மொயிலாங்கி பக்கம் திரும்பினாள்.

"நீங்க உள்ள வாங்கக்கா," என்றாள். "இவன் இன்னும் கொஞ்ச நேரம் உக்காரட்டும்."

பாயை அவன் தலைமேல் திரும்பப் போட்டாள்.

அன்று சாயங்காலம் மணி அடிக்க ஆள் இல்லை. எப்போது ஜெபம் தொடங்குவது என்று தெரியாமல் ஊர் வாசல்களில் நின்றது.